உப்பு பாக்கெட்டில் தேதி எழுதுங்கள்: ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு ஒரு திருநெல்வேலி சாப்பாட்டு வழிகாட்டி

எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். அம்மாவுக்கு 68 வயது, பிரஷர் மாத்திரை போட ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. எனக்கு 44-ல் வந்தது. ஒரே வீட்டில் இரண்டு பேருக்கு என்றானபிறகுதான் அடுப்படியை ஒழுங்காகக் கவனித்தேன். நான் டாக்டர் இல்லை. டாக்டர் ஐந்து நிமிஷத்தில் "உப்பைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பிய பிறகு வீட்டில் என்ன செய்வது என்பதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

"பிரஷர் வந்தாச்சுன்னா நம்ம ஊர்ச் சாப்பாட்டையே மறந்துரணும்" என்ற பேச்சை முதலில் விட்டுவிடுங்கள். கீரை, பயறு, மோர், வாழைப்பழம், சாளை (மத்தி) மீன் எல்லாமே ரத்தக்கொதிப்புக்கு நல்லவை. நம் தட்டில் கெடுதல் உட்கார்ந்திருப்பது சமையலில் கூடிப்போகும் உப்பிலும், இலை ஓரத்தில் வைக்கும் ஊறுகாய், வத்தல், அப்பளத்திலும்தான்.

படி 1: அளவை ஒழுங்காகப் பாருங்கள்

மெடிக்கல் ஷாப்புக்கு வெயிலில் சைக்கிள் மிதித்துப் போய், நின்ற நிலையில் கையை நீட்டிப் பார்த்த பிரஷர் கணக்கில் சேராது. பார்ப்பதற்கு முந்தைய அரைமணி நேரத்தில் டீ, காபி, பீடி, வெற்றிலை புகையிலை எதையும் தொட்டிருக்கக் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய, கால் இரண்டும் தரையில் பட, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள். கை நெஞ்சு உயரத்தில் மேசைமேல் இருக்கட்டும். ஒரு நிமிஷ இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள். கை பருமனாக இருந்தால் கையில் சுற்றும் பட்டையைப் பெரிதாகக் கேட்டு வாங்குங்கள். சின்னப் பட்டை கூட்டித்தான் காட்டும்.

ஒரு வாரம் காலை மாத்திரைக்கு முன்பும் இரவுச் சாப்பாட்டுக்கு முன்பும் பாருங்கள். முதல் நாள் கணக்கை விட்டுவிட்டு மீதியின் சராசரியை எடுங்கள். ஆஸ்பத்திரியில் 140/90 என்பது எல்லை, வீட்டில் பார்க்கும்போது 135/85. சாப்பாட்டை மாற்றுவதற்கு முன்னால் இந்த ஒரு வாரக் கணக்கு கையில் இருந்தால்தான் மாற்றியதால் என்ன கிடைத்தது என்று பிறகு தெரியும்.

தலைவலியோ கிறுகிறுப்போ இல்லாததால் பிரஷர் இல்லை என்று நினைப்பவர்கள் நம் ஊரில் ஏராளம். எனக்கு 164/102 இருந்தபோது உடம்பில் எதுவுமே தெரியவில்லை. ஆனால் அழுத்தம் கூடிய குழாய்க்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்துக்கொண்டே போகும். மூட்டை தூக்குபவருக்குத் தோள் திரள்வதுபோலத்தான் அதுவும், ஆனால் இதயச் சுவர் தடித்தால் இறுகிப்போகும், ஒழுங்காக விரிந்து ரத்தத்தை வாங்காது. வருஷங்கள் கழித்து மூச்சிரைப்பாகவும் கால் வீக்கமாகவும் வந்து நிற்கும்.

படி 2: உப்பு பாக்கெட்டில் தேதி

இந்தப் படியை மட்டும் செய்தாலும் போதும் என்பேன்.

உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்குச் சொல்லும் அளவு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள். தலை தட்டிய ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. சமைக்கும்போது இதை யாரும் அளந்துகொண்டு நிற்க முடியாது. அதனால் பின்பக்கமாகக் கணக்குப் போடுங்கள். ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரிக்கும் அன்று அதன்மேலேயே பேனாவால் தேதி எழுதுங்கள். வீட்டில் நான்கு பேர் என்றால் நாளைக்கு 20 கிராம். பாக்கெட் 50 நாள் வரவேண்டும்.

எங்கள் வீட்டுப் பாக்கெட் 23 நாளில் தீர்ந்தது. அதாவது ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 11 கிராம். இதில் ஊறுகாயும் கருவாடும் டீக்கடை வடையும் சேரவில்லை. அம்மாவிடம் சொன்னேன். "ஏலே, நானா தின்னேன்? இட்லி மாவு தின்னுச்சு, குழம்பு தின்னுச்சு" என்றாள். உண்மைதான். மாவுக்கு மூன்று டீஸ்பூன் போட்டு 50 இட்லி ஊற்றினால் நான்கு இட்லியிலேயே 1.4 கிராம் உப்பு இருக்கும். மேலே சாம்பார், சட்னி, மிளகாய்ப்பொடி. காலைச் சாப்பாடு முடியும்போதே நாள் கணக்கில் பாதி போய்விடுகிறது.

தூத்துக்குடி உப்பளத்திலிருந்து வரும் கல்லுப்பை வண்டிக்காரரிடம் வாங்கி ஜாடியில் கொட்டி வைக்கும் வீடுகளில் ஒரு கிலோவை நிறுத்துத் தனி டப்பாவில் போட்டுத் தேதி எழுதுங்கள். மீன் கழுவுகிற உப்பு வேறு ஜாடியில் இருக்கட்டும், இல்லாவிட்டால் கணக்கு கெட்டுவிடும். சமையலுக்கு அயோடின் கலந்ததையே வாங்குங்கள். கல்லுப்பு நல்லது, இந்துப்பு பிரஷரைக் கூட்டாது என்றெல்லாம் சொல்கிறார்களே, எல்லாமே சோடியம் குளோரைடுதான். இந்துப்பின் விலை மட்டும் வேறு.

பாக்கெட்டை எப்படி நீட்டுவது? பையப் பைய. ஒரே நாளில் பாதியாகக் குறைத்தால் அன்றைக்கே வீட்டில் சண்டை வரும். இட்லி மாவுக்கு மூன்று ஸ்பூன் இரண்டரை ஆகட்டும், இரண்டு வாரம் கழித்து இரண்டு. நாக்கு சில வாரத்தில் பழகிவிடும். அதன்பிறகு ஓட்டல் சாம்பார் வாயில் வைக்க முடியாமல் கரிக்கும், எங்களுக்கு அப்படித்தான் ஆனது. சோறு வடிக்கும்போதும் தோசை ஊற்றும்போதும் தனியாக உப்பு போடும் பழக்கத்தை நிறுத்துங்கள். சாப்பாட்டு மேசையிலிருந்து உப்புக் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள்.

அம்மா சொன்ன ஒரு சமையல் சூட்சுமம் எந்த டயட் அட்டையிலும் இல்லை: "புளி கூடினா உப்பு கேக்கும்." புளிக்குழம்பில் உப்பை மட்டும் குறைத்தால் வாயில் வைக்க முடியாது. முதலில் புளியைக் குறைக்க வேண்டும், பிறகு காரத்தை, கடைசியில்தான் உப்பை. புளி குறைந்த பருப்புக் குழம்பு, கூட்டு, அவியல், காண (கொள்ளு) ரசம் எல்லாம் குறைந்த உப்பிலேயே நிற்கும். பொரியலில் மட்டும் இறக்கியபிறகு எலுமிச்சை நாலு சொட்டு விடுங்கள், உப்பு குறைந்தது தெரியாது.

படி 3: வெஞ்சனத்தில் (தொட்டுக்கொள்வதில்) கை வையுங்கள்

மிதுக்கு வத்தல், சீனியவரைக்காய் வத்தல், மோர் மிளகாய், கல்லிடைக்குறிச்சி அப்பளம், நாரத்தங்காய், மாசி, நெத்திலிக் கருவாடு. இந்த வரிசையைப் படிக்கும்போதே உங்களுக்கு வாய் ஊறினால் நீங்களும் நம்மாள்தான். ஆனால் ஒவ்வொன்றும் கெடாமல் இருப்பதற்காகவே உப்பில் ஊறியவை.

நாரத்தங்காயை எடுத்துக்கொள்வோம். எங்கள் வீட்டில் 10 காய்க்கு 200 கிராம் உப்பு. காயைச் சுருளாக நறுக்கி உள்ளே உப்பை அடைத்து, ஜாடியில் ஊறவிட்டு, வெயிலில் காயவைத்து, சாயங்காலம் மறுபடி அதே சாற்றில் போட்டு, சாறு முழுவதும் வற்றும்வரை இதையே செய்வாள் அம்மா. கடைசியில் காயின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். ஒரு காயைப் பத்துத் துண்டாகப் பிய்த்தால் மொத்தம் 100 துண்டு. துண்டுக்கு 2 கிராம் உப்பு. பழைய சோற்றுக்கு இரண்டு துண்டு கடித்தால் 4 கிராம். நாள் கணக்கு அங்கேயே முடிந்தது.

அப்பளத்தில் உப்போடு அப்பளக்காரமும் சேர்கிறது. அதுவும் சோடியம்தான். பஜ்ஜி, போண்டா, ஆப்பத்துக்குப் போடும் ஆப்பசோடாவும் அப்படியே. கரிக்காத காரணத்தால் நாம் கண்டுபிடிப்பதில்லை.

எல்லாவற்றையும் ஒரேயடியாக விடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டு விதி: வாரம் இரண்டு நாள் மட்டும், அன்றும் ஒரு வேளைக்கு இந்த வரிசையில் ஏதாவது ஒன்று. கருவாடு என்றால் வெந்நீரில் இரண்டு முறை ஊறவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, குழம்புக்குத் தனியாக உப்பே போடாமல் வைப்பது. அப்படியும் உப்பு முழுவதும் போகாது, குறையும். இதயம் ஏற்கெனவே பலவீனப்பட்டுக் கால் வீங்குகிறவர்கள் கருவாட்டையும் ஊறுகாயையும் அறவே விடுவதுதான் சரி. அங்கே வாரக்கணக்கெல்லாம் கிடையாது.

பழைய சோறு பாவம், அதன்மேல் ஏன் பழி? சோற்றிலும் நீரிலும் ஒன்றுமில்லை, நாம் அள்ளிப் போடும் உப்பும் வத்தலும்தான். கெட்டி மோர், சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை சேர்த்துக் குடியுங்கள்.

படி 4: குறைத்த இடத்தில் எதை வைப்பது

அமெரிக்காவில் 1997-ல் வெளியான டாஷ் என்ற உணவுமுறை ஆய்வை டாக்டர்கள் இன்னும் சொல்வார்கள். காய், பழம், பயறு, கொழுப்பு குறைந்த பால், தயிர் ஆகியவற்றைக் கூட்டி, கொழுப்பையும் இனிப்பையும் குறைத்ததில், ரத்தக்கொதிப்பு இருந்தவர்களுக்கு மேல் அளவு 11 புள்ளி இறங்கியது. உப்பைத் தொடாமலே, எட்டு வாரத்தில். 2001-ல் உப்பையும் சேர்த்துக் குறைத்துப் பார்த்தபோது இன்னும் இறங்கியது. காய் பழத்தில் உள்ள பொட்டாசியம், சோடியத்தைச் சிறுநீரில் வெளியே தள்ளும், ரத்தக்குழாயைத் தளர்த்தும்.

அந்த உணவுமுறையை நம் சந்தையிலேயே வாங்கலாம். முருங்கைக்கீரை, தண்டங்கீரை, வாழைத்தண்டு, தடியங்காய் (வெள்ளைப் பூசணி), புடலை, மார்கழி தையில் சிறுகிழங்கு. தட்டப்பயறு, பாசிப்பயறு, காணம். நாட்டு வாழை, கதலி ஏதாவது ஒன்று. இளநீர் கிடைத்தால் இளநீர். மதியம் சோற்றை ஒரு கரண்டி குறைத்துக் காயை இரட்டிப்பாக்குங்கள். காய் என்றால் இலையில் ஓரமாக ஒரு கரண்டி இல்லை, சோறு அளவுக்குக் காய். கூட்டாஞ்சோறு இதற்கென்றே பிறந்தது: பருப்பு, கத்தரி, வாழை, அவரை, முருங்கைக்கீரை எல்லாம் ஒரே ஏனத்தில். அரிசியைப் பாதியாக்கிக் காயைக் கூட்டுங்கள், வத்தல் பொரிக்காதீர்கள்.

மீன் சாப்பிடுகிறவர்கள் வாரம் இரண்டு நாள் உவரி, கூட்டப்புளி பக்கத்துச் சாளையைக் குழம்பு வையுங்கள். இதயத்துக்கு வேண்டிய ஒமேகா கொழுப்பு அதில் நிறைய. விலையும் வஞ்சிரத்தைவிடக் குறைவுதான். பொரித்துவிட்டால் பலன் குறைந்துவிடும்.

படி 5: லோ சோடியம் உப்பு வாங்குவதற்கு முன்

இங்கேதான் நான் சறுக்கினேன். கடையில் சோடியம் குறைந்த உப்பு பார்த்தேன், நல்லதுதானே என்று வாங்கி வந்து மூன்று மாதம் அம்மாவுக்கும் சேர்த்துச் சமைத்தோம். அதே சமயம் இளநீரும் கீரையும் வேறு கூட்டியிருந்தேன். வழக்கமான ரத்தப் பரிசோதனையில் அம்மாவின் பொட்டாசியம் 5.9. இருக்க வேண்டியது 3.5-லிருந்து 5-க்குள். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "வீட்ல என்ன உப்பு போடுதீக?" என்றுதான் முதலில் கேட்டார். உடனே ஈசிஜி எடுக்கச் சொன்னார். நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அந்த உப்பில் சோடியத்தைக் குறைத்த இடத்தில் பொட்டாசியம் குளோரைடு இருக்கிறது. அம்மா போடுவது டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை. அது பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும். லோசார்டன், ராமிப்ரில், எனலாப்ரில், ஸ்பைரோனோலாக்டோன் எல்லாம் அப்படித்தான். சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்திருந்தால் தேங்கும் அளவு இன்னும் கூடும். பொட்டாசியம் எல்லை மீறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

இந்த உப்பு கெட்டது என்று சொல்ல வரவில்லை. சீனாவில் 600 கிராமங்களில் சுமார் 21,000 பேரிடம் நடந்து 2021-ல் வெளியான ஆய்வில் இதற்கு மாறியவர்களுக்குப் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது. ஆனால் கடுமையான சிறுநீரக நோய் உள்ளவர்களை அதில் சேர்க்கவில்லை. எனவே ஒழுங்கு இதுதான்: ரத்தத்தில் கிரியாட்டினினும் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு) பொட்டாசியமும் பார்த்து, மாத்திரைச் சீட்டை டாக்டரிடம் காட்டிக் கேட்டு, பிறகு வாங்குங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் படி 4-ம் அப்படியே பொருந்தாது. இளநீர் வேண்டாம், கீரையையும் கிழங்கையும் நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்துக் கொட்டிவிட்டுச் சமைக்க வேண்டும்.

இப்போது எங்கள் வீட்டில் சாதா உப்புதான். அளவு மட்டும் குறைவு.

படி 6: எண்ணெய், தேங்காய், அல்வா

ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய்க்குள் முடியுங்கள். இதற்கும் பாட்டிலில் தேதி எழுதலாம். நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் மாற்றி மாற்றி இருக்கட்டும். தேங்காய் எண்ணெயில் பெரும்பங்கு நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொழுப்பைக் கூட்டும். தேங்காய்ப்பாலில் மிதக்கும் சொதியை மாதம் ஒருமுறை விருந்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாளில் அரைமூடித் தேங்காய் கால்மூடி ஆகட்டும்.

அல்வாவைப் பற்றிக் கேட்பீர்கள். கோதுமைப்பாலும் சீனியும் நெய்யும்தான், உப்புக் கணக்கில் அது இல்லை. எடைக் கணக்கில் இருக்கிறது. ஒரு கிலோ எடை குறைந்தால் பிரஷர் ஏறத்தாழ ஒரு புள்ளி இறங்கும். மாதம் ஒருமுறை டவுனுக்குப் போனால் இலையில் 50 கிராம் வாங்கி அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு வாருங்கள். கால் கிலோ பொட்டலம் வீட்டுக்கு வந்தால் அது தீரும்வரை யாருக்கும் தூக்கம் வராது. கருப்பட்டியும் சர்க்கரைதான், "நாட்டு மருந்து" என்று காபியில் இரட்டிப்பாகப் போடாதீர்கள். பிரானூர் பரோட்டாவும் சால்னாவும் குற்றால சீசனுக்கு ஒரு முறை என்றால் சரி. அன்று மதியம் இலை ஓரத்தைக் காலியாக விடுங்கள்.

படி 7: சாப்பாடில்லாத சில திருடர்கள்

பீடி சுற்றும் பெண்கள் நாள் முழுக்கத் தட்டை மடியில் வைத்துக் குனிந்தே உட்கார்ந்திருக்கிறார்கள். இடுப்பு வலிக்கும், மூட்டு வலிக்கும். கடையில் சீட்டில்லாமல் டைக்ளோபினாக் வாங்கி விழுங்குவது வழக்கம். அந்த வகை வலி மாத்திரைகள் உப்பையும் நீரையும் தேக்கிப் பிரஷரை ஏற்றும், பிரஷர் மாத்திரையின் வேலையையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் அரிக்கும். சாப்பாட்டை எவ்வளவு திருத்தியும் அளவு இறங்கவில்லை என்றால் முதலில் இதைத்தான் தேட வேண்டும். அதே போல இருமலுக்குத் தினமும் அதிமதுரம் மெல்லும் பழக்கம். அதுவும் பிரஷரை ஏற்றும், பொட்டாசியத்தைக் கரைக்கும். நுரைத்துக் கரையும் வாயு உப்புப் பொடிகளில் சோடியம் நிறைய. பீடி, புகையிலை, சாராயம் பற்றிச் சொல்லத் தேவையில்லை.

நடை தினம் அரைமணி நேரம். பாளையங்கோட்டைக்காரர்களுக்கு வ.உ.சி. மைதானம், எங்களுக்கு ஆற்றங்கரை.

படி 8: கொடை, கல்யாணம், வெயில்

சித்திரை, வைகாசி, ஆடி என்று கோயில் கொடை (ஊர்த் திருவிழா) வந்தால் மூன்று நாள் தூக்கமும் போகும், மாத்திரையும் போகும். எங்கள் சித்தப்பா கொடை முடிந்த மறுநாள் 190-ல் போய் நின்றார். மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பந்தியில் முதலில் வரும் உப்பு, ஊறுகாய், அப்பளம் மூன்றுக்கும் கை மறித்தால் போதும், பாயசம்வரை நிம்மதியாகச் சாப்பிடலாம்.

அக்னி நட்சத்திர வெயிலில் வயலில் நிற்பவர்கள், நீர் பிரியும் மாத்திரை போடும் முதியவர்கள் உப்பை அறவே விடக்கூடாது. சோடியம் மிகவும் இறங்கினால் குழப்பம், தள்ளாட்டம், மயக்கம் வரும். படுக்கையிலிருந்து எழும்போது கண் இருட்டினால் நின்ற நிலையிலும் ஒருமுறை பிரஷர் பார்த்து டாக்டரிடம் சொல்லுங்கள், மாத்திரை அளவைக் குறைக்க வேண்டியிருக்கலாம்.

படி 9: மாத்திரையும் நோட்டும்

சாப்பாட்டால் பிரஷர் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். 128/80 வந்திருப்பது மாத்திரையும் சேர்ந்து செய்த வேலை. வாங்கப் போக நேரமில்லை என்பதும் இப்போது சாக்கு இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷர், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. துணை சுகாதார நிலையத்தில் பெயர் பதிந்தால் போதும். அம்லோடிபின் என்ற பிரஷர் மாத்திரை போட்டுக் கணுக்கால் வீங்கினால் பயந்து நிறுத்தவும் வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். போய்ச் சொன்னால் மாற்றித் தருவார்கள்.

மருத்துவரிடம் போகும்போது மூன்று விஷயம் ஒரு நோட்டில் இருக்கட்டும்: ஒரு வாரப் பிரஷர் கணக்கு, உப்பு பாக்கெட் எத்தனை நாள் வந்தது, வேறு என்னென்ன மாத்திரை, கசாயம் சாப்பிடுகிறீர்கள். வருஷம் ஒருமுறையாவது கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, கொழுப்பு, சிறுநீரில் புரதம், ஈசிஜி பார்த்துவிடுங்கள்.

நெஞ்சில் கல் வைத்தாற்போல் அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால், திடீரென்று மூச்சு முட்டினால், வாய் கோணினால், பேச்சு குழறினால், ஒரு பக்கக் கை கால் விழுந்தால் கோலி சோடாவும் பெருங்காயமும் தேடி நேரத்தைப் போக்காதீர்கள். "வாயுப் பிடிப்பு" என்று இரவு முழுக்கக் காத்திருந்து இழந்த வீடுகள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. 108-ஐக் கூப்பிடுங்கள். பிரஷர் 180/120-ஐத் தாண்டி இந்த அறிகுறிகளில் ஒன்று சேர்ந்திருந்தாலும் அப்படியே.

எங்கள் வீட்டுக் கடைசிப் பாக்கெட் 41 நாள் வந்தது. மாத்திரையோடு சேர்த்து அம்மாவுக்கு 132/78, எனக்கு 126/82. நாரத்தங்காய் ஜாடி இன்னும் பரணில்தான் இருக்கிறது. சாவி மட்டும் என்னிடம் இருப்பதாக நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.